ஒற்றைக்குழல் துவக்கு

மாமியோடு புடவைக்கடைக்குப் போகக்கூடாது என்பதை நான் ஒரே நாளில் தெரிந்துகொண்டேன். காத்தான்குடியில் ஒரு கடை. மாமிக்கு ஒரு சட்டைத்துணி வேண்டியிருந்தது. கடைக்காரர் பச்சையில் இரண்டு துண்டுகளை விரித்துப் போட்டார். எனக்கு இரண்டும் ஒரே பச்சைதான். மாமி ஒன்றைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். மடித்து வைத்தார். மற்றதைத் தூக்கினார். பிறகு முதலாவதை. என் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து என் தோள் இறங்கிவிட்டது.

"அக்கா, விடிய சுபஹு தொழுதுட்டுத் திறந்த கடை. ராவைக்கு இஷாவுக்கு முதல் பூட்டணும்," என்றார் கடைக்காரர்.

"நீங்க பூட்டிட்டுப் போங்க தம்பி. நான் உள்ளுக்க இருந்து யோசிக்கிறன்," என்றார் மாமி.

கடையே சிரித்தது. துணி எதுவும் வாங்காமல்தான் வெளியே வந்தோம். இரண்டு பஸ் மாறி உன்னிச்சைப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து சேரும்வரை, "மற்றப் பச்சைய எடுத்திருக்கலாம் போல இரிக்கி, என்னகா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மாமி எனக்கு உறவில்லை. பக்கத்து வளவு வீட்டுக்காரர். ஊரில் அவரை எல்லோரும் 'துவக்கு மாமி' என்றார்கள். நான் வாவிக்கரைப் பிள்ளை. மீன் மணத்தில் வளர்ந்தவள். கலியாணம் முடித்து அந்த ஊருக்குப் போகும்வரை காட்டு யானையின் காலடியைக்கூடக் கண்டதில்லை. கணவர் கட்டாரில் வேலை. எங்கள் வீடு வரிசையில் கடைசி வீடு. வேலிக்கு அப்பால் பத்துக் குடும்பங்களின் வயல் சேர்ந்து ஒரே வட்டை. வட்டைக்கு அப்பால் காடு. அந்தப் பத்துக் குடும்பத்துக்கும் இருந்தது ஒரே ஒரு துவக்கு; பயிர்க் காவலுக்கென்று அரசாங்கம் கொடுத்த துப்பாக்கி. அது மாமியின் பெயரில் இருந்தது. இரவில் நானும் குழந்தையும் தனியே படுத்திருக்கும் வீட்டுக்கும் காட்டுக்கும் இடையில் இருந்தது அந்தத் துவக்கு மட்டும்தான். படுக்கப் போகுமுன் நான் கடைசியாக நினைப்பது அதைத்தான்.

ஒரு பெண்ணின் பெயரில் ஏன் என்று வந்த புதிதில் வட்டை விதானையிடம் கேட்டேன். வயலுக்குத் தண்ணீர் திறப்பது, வேலி அடைப்பது, கூட்டம் கூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு.

"எங்கட ஆம்பிளையள் ஒவ்வொருத்தனுக்கும் எங்கயாவது ஒரு பழைய கோப்பு கிடக்கு, புள்ள. சண்டைக் காலத்துல பொலிஸ் எழுதினது. துவக்கு எண்டு பேர் குடுத்தா உடனே தூசி தட்டி எடுப்பாங்க. மாமிக்கு மட்டும்தான் கோப்பு இல்ல," என்றார்.

துவக்குக்கு ஒரே குழல். ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் போடலாம். அதைச் சுட்டு, குழலை மடித்து, வெற்றுக் கோதை இழுத்து, அடுத்ததைப் போடுவதற்குள் வந்த மிருகம் ஓடியிருக்கும், இல்லையென்றால் மேலே விழுந்திருக்கும். ஆகவே எதைப் போட்டுக்கொண்டு வீட்டை விட்டு இறங்குவது என்பதுதான் கேள்வி. மாமியின் ஒவ்வொரு அந்தியும் அந்தக் கேள்வியில்தான் கழிந்தது.

முற்றத்தில் ஒரு சாக்கை விரிப்பார். தோட்டா கட்டிய மூன்று துணி முடிச்சுகளை அவிழ்ப்பார். ஒன்றில் குருவிச் சன்னம்: உள்ளே கடுகைவிடச் சற்றே பெரிய ஈயமணிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், குரங்கை விரட்ட, மரத்துக்கு மேலே சுட. இன்னொன்றில் பன்றிச் சன்னம்: மிளகாயும் வெங்காயமும் தின்ன வரும் பன்றிக்கான தடித்த மணிகள், எண்ணி ஒன்பது. மூன்றாவது முடிச்சில் ஒற்றைக்குண்டு. மாமியின் புருசன் எங்கோ வாங்கி வைத்தவை. மூன்றே மூன்று. பெருவிரல் தடிப்பில் ஒரே ஒரு ஈயக்குண்டு. யானையின் எலும்பையும் உடைக்கும் என்றார்கள். மாமி அந்த மூன்றையும் ஒருநாளும் குழலில் போட்டதில்லை.

"பிறகு ஏன் மாமி வச்சிரிக்கீங்க? குளத்துல எறியுங்களன்."

"எறிஞ்ச அடுத்த நாள் தேவைப்பட்டா?"

"அப்ப போடுங்களன்."

"போட்ட பிறகு தேவையில்லாமப் போனா?"

நானும் அப்படித்தான். குழந்தைக்குத் தொப்பி போட்டால் வியர்க்கும், போடாவிட்டால் பனி பிடிக்கும் என்று வாசலில் நின்றே விடிந்து போகும் எனக்கு.

தோட்டாக்கள் எல்லாம் ஒரே சிவப்பு. பக்கத்தில் அச்சடித்திருந்த எழுத்து, மாமியின் சட்டைப்பையிலும் மடியிலும் உரசி உரசி அழிந்துபோயிருந்தது. மாமி ஒவ்வொன்றையும் காதருகே பிடித்து ஆட்டித்தான் தெரிந்துகொள்வார். பன்றிச் சன்னம் கடகடவென்னும். குருவிச் சன்னம் மணல் சரிவதுபோல மெல்ல 'சர்' என்னும். ஒற்றைக்குண்டு பேசாது.

ஒருநாள் நகத்துக்குப் பூசும் என் கியூடெக்ஸ் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குருவிக்கு ஒரு பொட்டு, பன்றிக்கு இரண்டு, குண்டுக்கு மூன்று வைத்துவிட்டால் எவ்வளவு இலகு என்றேன். படித்தவள் என்ற நினைப்பு எனக்கு.

மாமி போத்தலைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "பொட்டப் பாத்து எடுத்தா கை தானா எடுக்கும்கா. யோசிக்காது. யோசிக்காம எடுத்ததாலதான் அந்த மனுசன் போனது."

அந்த மனுசன் என்றது புருசனை. பெயர் மாமியினது என்றாலும் முதலில் துவக்கோடு காவலுக்குப் போனது அவர்தான். ஒரு இரவு பன்றிக்கு முன்னால் குருவிச் சன்னத்தோடு போய் நின்றார். அவசரத்தில் கைக்கு வந்ததைப் போட்டிருக்கிறார். சுட்டது பன்றிக்குத் தோலைக் கீறியது. பன்றி திரும்பி வந்து தொடையைக் கிழித்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. மாமி இதை என்னிடம் சொன்னது ஒரே தடவை. அதுவும் கருவாடு கழுவிக்கொண்டு.

அதனால் மாமி யோசித்தார். ஊர் அதைப் பகிடி பண்ணியது. ஒருமுறை தாய்ப்பன்றியொன்று ஆறேழு குட்டிகளோடு வட்டைக்குள் இறங்கியது. மாமி பன்றிச் சன்னத்தோடு போனார். குட்டிகளைக் கண்டதும் குழலை மடித்து, அதை எடுத்துவிட்டுக் குருவிச் சன்னம் போட்டார். பிறகு பயிர் போகிறதே என்று திரும்பவும் மாற்றினார். அதற்குள் பன்றிக் குடும்பம் சாப்பிட்டு முடித்துப் போய்விட்டது.

"அதுகள் மரியாதை தெரிஞ்ச பண்டியள்," என்றார் விதானை. "மாமியிட முடிவக் கேட்டுட்டுப் போவம் எண்டு கொஞ்ச நேரம் இருந்து பாத்திரிக்கும்."

"உனக்கு அவசரமெண்டா நீ போய் அதுக்கு முன்னால நில்லு," என்றார் மாமி. "நான் யோசிச்சு முடிச்சிட்டு வந்து உன்னத் தூக்கிறன்."

யானை விசயத்தில் மட்டும் மாமி யோசிப்பதே இல்லை. யானையின் உடம்பில் ஒரு சன்னமும் படக்கூடாது. வேறு வட்டைகளில் சின்னச் சன்னத்தால் யானையின் பின்பக்கத்துக்கு அடிப்பார்கள். அப்படி அடி வாங்கிய யானைதான் பிறகு மனிதரைத் தேடி வரும் என்பார் மாமி. அவருடைய வழி வேறு. யானைக்கு மேலே இருக்கும் மரக்கிளையைப் பார்த்துக் குருவிச் சன்னத்தால் சுடுவார். வெடிச் சத்தத்தோடு இலையும் சுள்ளியும் பொலபொலவென்று அதன் முதுகில் கொட்டும். யானை காதை விரித்து ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் காட்டுப் பக்கம் நடக்கும். சன்னம் எங்கோ மழைத்துளிபோல விழுந்து தீர்ந்துவிடும்.

அந்த மார்கழி மழை நாற்பது நாள் விடவில்லை. சுவரெல்லாம் பூஞ்சணம். ஒரு காலை வெயில் எறித்தது. மாமி தோட்டாக்களைக் காயவைத்தார். மழைக்காலத்தில் வெயில் கண்டதும் நெல்லைக் காயப்போடுவது போல அதுவும் அங்கே ஒரு வழக்கம். குருவிச் சன்னம் ஒரு சுளகில். பன்றிச் சன்னம் இன்னொரு சுளகில். ஒற்றைக்குண்டு மூன்றும் ஒரு பீங்கானில். "பாத்துக்க மகள், சங்கக்கடைக்குப் போயிட்டு வாறன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினொரு மணிபோல வானம் இருண்டு, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் ஊற்றியது. நான் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேலி இடைவெளியால் மாமியின் முற்றத்துக்கு ஓடினேன். ஒரு கைதான் இருந்தது. கிடைத்த சொப்பிங் பையைத் திறந்து, ஒரு சுளகைக் கவிழ்த்தேன், மற்றச் சுளகைக் கவிழ்த்தேன், பீங்கானையும் கவிழ்த்தேன். ஒன்றும் நனையவில்லை. கடமையைச் செய்துவிட்டேன் என்ற சந்தோசத்தோடு பையை மாமியின் கட்டிலில் வைத்தேன். வைத்த பிறகுதான் விளங்கியது.

மாமி ஏசவில்லை. "நனைஞ்சாத்தானே பிழை. பிரிக்கலாம்," என்றார். அடுத்த நாள் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்திருந்து ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டினார். வலது காது. பிறகு இடது. கடகடத்தவை சீக்கிரம் ஒரு பக்கம் சேர்ந்தன. மற்றவைதான் நேரமெடுத்தன. ஒன்றை வைப்பார், திரும்ப எடுப்பார், கண்ணை மூடிக்கொண்டு ஆட்டுவார். நான் சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தேன். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து பார்த்தேன். மத்தியானம் தாண்டி மூன்று முடிச்சையும் கட்டினார்.

எழும்பும்போது பாயில் கிடந்த என் மகளின் கிலுகிலுப்பையை எடுத்து அவளுக்கு முன்னால் ஆட்டினார். அது உள்ளே சின்ன மணிகள் உள்ள சாதாரணக் கிலுகிலுப்பை. மகள் கையை நீட்டிச் சிரித்தாள். மாமி அதைத் தன் காதருகே கொண்டுபோய் இன்னொருமுறை ஆட்டினார்.

"இதுக்குள்ள ஒண்டும் இல்லையாகா? சத்தத்தக் காணல்ல," என்றார்.

அந்தச் சத்தம் எனக்கு அடுப்படிவரை கேட்கும். இத்தனை வருசம் துவக்கைக் கன்னத்தோடு வைத்துச் சுட்ட காதுகள். கடகடப்பு அவருக்குக் கேட்கிறது. மணல் சரிவது கேட்கவில்லை. மணல் கேட்காவிட்டால் குருவிச் சன்னமும் ஒற்றைக்குண்டும் ஒன்றுதான்.

அந்த நேரமே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. 'மணி பழசு, ஒருவேளை அவர் யோசனையில் இருந்திருப்பார்' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இரவில் படுத்துக்கொண்டு வேறு மாதிரி யோசித்தேன். காது கேட்கவில்லை என்று வெளியே தெரிந்தால் பொலிசில் துவக்கைத் திருப்பிக் கேட்பார்கள். வேறு யாருக்கும் தரமாட்டார்கள். பிறகு காட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் என்ன இருக்கும்? நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று தை மாதம் வந்துவிட்டது.

அன்று விடிந்து வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. மாமி காவல் முடிந்து வட்டையிலிருந்து திரும்பும் நேரம். நான் அடுப்படியில் இருந்தேன். அறைக்குள் மகள், கூரையைத் தாங்கும் வளை மரத்தில் கட்டிய ஏணைத் தொட்டிலில் தூங்கினாள். அதே அறையில் சாப்பாட்டு நெல் மூன்று மூட்டை அடுக்கியிருந்தோம். முதலில் வேலிக்கம்பு முறியும் சத்தம் கேட்டது. பிறகு சுவர் இடிபடும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். அறையின் பின்சுவரில் கல் இரண்டு உள்ளே விழுந்திருந்தது. அந்த ஓட்டையால் ஒரு தும்பிக்கை நுழைந்து நெல்மூட்டையைத் தடவிக்கொண்டிருந்தது.

ஏணைக்கும் அதற்கும் நாலு முழம் இருக்காது. மகளைத் தூக்கினால் அழுவாள். அழுதால் அது என்ன செய்யும் என்று தெரியாது. நான் ஏணைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பக்க யன்னலால் வரம்பில் மாமி தெரிந்தார். ஐம்பது அறுபது அடி தூரம். யானையைக் கண்டுவிட்டார். துவக்கைத் தூக்குவார் என்று பார்த்தேன். தூக்கவில்லை. குழலை மடித்தார். உள்ளே இருந்ததை எடுத்தார். அது பன்றிச் சன்னம். பன்றிக் காவலுக்குப் போனவர் அதைத்தான் போட்டிருப்பார். ஓட்டுக் கூரைக்குள்ளே பிள்ளை கிடக்கிறது. தடித்த சன்னம் கூடாது என்று யோசித்திருக்கிறார். மடியிலிருந்து முடிச்சை எடுத்து அவிழ்த்து, ஒரு தோட்டாவைக் காதருகே பிடித்து ஆட்டினார்.

அந்த வேளையிலும் ஆட்டினார். 'சுடுங்க, எதையாவது சுடுங்க' என்று நான் உள்ளுக்குள் கத்தினேன். அவரைத் திட்டினேன். அதை நான் மறைக்கப் போவதில்லை.

போட்டார். கூரையை உரசிக்கொண்டு கவிந்திருந்த வேப்பங்கிளையைப் பார்த்துச் சுட்டார்.

இலை கொட்டவில்லை. எனக்கு மேலே ஓடு வெடித்தது. வளையில் ஏதோ அடித்து வீடே அதிர்ந்தது. ஓட்டுத் துண்டுகள் ஏணைக்குள் விழுந்தன. தும்பிக்கை போய்விட்டது, பின்னால் புதர் முறிபடும் சத்தம் காட்டுப் பக்கமாகத் தேய்ந்தது. மகள் வீறிட்டாள். தூக்கினேன். புருவத்துக்கு மேலே பிளந்து இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவ்வளவுதான், ஆஸ்பத்திரியில் மூன்று தையல். ஆனால் அந்த நிமிசம் அவ்வளவுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மாமி உள்ளே வந்தார். முதலில் பிள்ளையின் தலையைக் கைகளால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். ஓட்டில் ஒரு துவாரம், அதால் வெயில். வளை மரத்தில் ஈயக்குண்டு பாதி புதைந்து நின்றது. ஏணைக் கயிறு கட்டியிருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி.

"ஒத்தைக்குண்டு," என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அழுதேன். "மாமி, மழைக்கு அள்ளேக்க நான்தான் எல்லாத்தையும் கலந்தன்."

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தரம் சத்தமாகச் சொன்னேன்.

"கலந்தது தெரியும், மகள். பிரிச்சது நான்."

கிலுகிலுப்பை விசயத்தை அப்போதும் நான் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

அந்தக் கிழமையே மாமி துவக்கைப் பொலிசில் ஒப்படைத்தார். விதானை ஓடிவந்தார். "என்ன மாமி இது, ஒரு ஓடுதானே உடைஞ்சது? ஊர்ல வேற யாருக்கும் தரமாட்டாங்களே." மாமி அவரிடமும் ஒரு காரணமும் சொல்லவில்லை. பெரும்போக நெல் வெட்டு முடிந்ததும் வாவிக்கரையில் இருக்கும் தமக்கையின் வீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்து வளவு பூட்டிக் கிடந்தது.

இது நடந்து நாலு வருசம். துவக்கில்லாத வட்டையில் தகரம் தட்டினார்கள், அரசாங்கம் கொடுத்த யானைவெடிகளைக் கொளுத்தினார்கள். யானைகள் சத்தத்துக்குப் பழகிவிட்டன. போன போகத்தில், விடியப்புறம் தண்ணீர் பார்க்க வரம்பில் போன விதானையின் தம்பியை யானை அடித்தது. ஆள் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்ச்சி இல்லை.

அதற்குப் பிறகுதான் விதானை என் வீட்டுக்கு வந்தார். பகிடி இல்லை. கையில் ஒரு விண்ணப்பம்.

"புள்ள, உனக்குக் கோப்பு இல்ல. நீ பிறந்து வளர்ந்த காலமே வேற. படிச்சிரிக்காய். உண்ட பேருல கேட்டா தருவாங்க."

"எனக்குச் சுடத் தெரியாது அண்ணன்."

"சுடத் தெரிஞ்சவனுக்குத்தான் தரமாட்டாங்களே."

சொல்லிவிட்டு அவரே சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. தம்பியை அன்று காலையும் அவர்தான் தூக்கிக் கழுவிவிட்டு வந்திருந்தார். நான் கட்டாருக்குக் கோல் எடுத்துக் கேட்டேன். "உனக்கு எது சரியெண்டு படுதோ அதைச் செய்," என்றார் கணவர். எனக்கு எப்போது எது சரியென்று பட்டிருக்கிறது? விண்ணப்பம் பதினாறு நாள் அரிசி வாளிக்கு மேலே கிடந்தது. பதினேழாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு மாமியைப் பார்க்கப் போனேன்.

வாவியோரம், தமக்கையின் வளவில் இறால் உடைத்துக்கொண்டிருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் முன்னால் குந்தி, வாயைத் தெளிவாகத் திறந்து சொன்னேன்.

"மாமி, துவக்க எண்ட பேருல எழுதக் கேக்காங்க. என்ன செய்யட்டும்?"

"வேணாம்," என்றார்.

உடனே சொன்னார். நான் மூச்சு விடுவதற்குள். இரண்டு பச்சைத் துணிக்கு ஒரு பகல் எடுத்த மனுசி. அவர் அரை மணித்தியாலம் யோசிப்பார், கொடு என்றும் கொடாதே என்றும் மாறி மாறிச் சொல்வார், கடைசியில் ஒரு பெருமூச்சோடு 'ஓம்' என்பார் என்று நான் பஸ்ஸில் வரும்போது எண்ணிக்கொண்டு வந்திருந்தேன்.

என் கண் இறால் சட்டிக்குள் போனது. மாமி என் முகத்தைப் பார்த்தார். இறாலைச் சட்டிக்குள் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார்.

"பேர எழுதி எப்ப குடுத்த?"

"இண்டைக்குக் காலம. பஸ் ஏற முதல்."

தமக்கை உள்ளேயிருந்து தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். மாமிக்குக் கேட்கவில்லை. மகளின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தார்.

"புள்ள எந்த அறையில படுக்கா?"

"அதே அறையிலதான் மாமி. வேற அறை இல்லையே."

அவருக்கு அது கேட்டதோ தெரியவில்லை. நான் திரும்பச் சொல்லவில்லை.